மைதானத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

1894-இல் இங்கிலாந்தின் சால்ஃபான்ட் செயின்ட் பீட்டரில் வலிப்பு நோயாளிகளுக்கென ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. ஜெர்மனியில் 1867 முதல் நடந்துவந்த பெத்தேல் குடியிருப்பு அதற்கு முன்மாதிரி. வெளியே வேலை மறுக்கப்பட்டவர்கள் அங்கே தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார்கள். திறந்தவெளியும் உடலுழைப்பும் அவர்களுக்கு நல்லது என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை பள்ளி மைதானத்தை எட்டவில்லை.

ஓடியாடினால் வலிப்பு வரும் என்ற அச்சத்துக்கு ஒரு காரணம் பரிசோதனை அறையிலேயே இருந்தது. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும்போது குழந்தையின் கையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து, மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வது வழக்கம். மூச்சு வேகமெடுக்க ரத்தத்தில் கரியமில வாயு குறையும். சில குழந்தைகள் ஊதுவதை நிறுத்திவிட்டு, கூப்பிட்டாலும் திரும்பாமல் சில நொடி வெறித்துப் பார்ப்பார்கள். பதிவில் கூர்கூரான வலிப்பு அலைகள் எழும். ஊதினாலே இப்படி என்றால், ஓடி மூச்சு வாங்கினால்? கேள்வி நியாயமானது. ஆனால் ஓடும்போது தசைகளே கரியமில வாயுவை உண்டாக்குகின்றன; வேகமான மூச்சு அந்த உபரியைத்தான் வெளியேற்றுகிறது. உடற்பயிற்சியின்போது வலிப்பு அலைகள் குறைவதை 1967-லேயே ஆய்வாளர்கள் கண்டுவிட்டார்கள்.

இருந்தும் 1968-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு, வலிப்புள்ளவர்களுக்கு மோதல் விளையாட்டுகள் கூடாது என்றது. தலையில் அடிபட்டால் நோய் முற்றும் என்ற பயம். பல்லாண்டுகளாக வலிப்புள்ள பிள்ளைகளுக்கே வைத்தியம் பார்த்த பால்டிமோர் மருத்துவர் சாமுவேல் லிவிங்ஸ்டன், அப்படி முற்றிய ஒருவரையும் தான் கண்டதில்லை என்று 1973-இல் எழுதினார். மறு ஆண்டே சங்கம் இறங்கிவந்தது.

14 வயதில் டென்னிஸ் ஆடும்போது முதல் வலிப்பு கண்ட டோனி கிரெய்க், 1975-இல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் கேப்டன் ஆனார். அவர்போல் ஆட வாய்ப்புக் கிடைத்தவர்கள் குறைவு. 2006-இல் கனடாவில், வலிப்புள்ள பதின்வயதினரை அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு; ஆனால் வலிப்புள்ளவர்கள் குறைவாக ஓடியாடினார்கள், உடல் எடையும் கூடியிருந்தது.  இதில் பயம் கேட்ட விலையும் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

2016-இல் வலிப்பு நோய்க்கெதிரான பன்னாட்டுச் சங்கம் விளையாட்டுகளை ஆபத்தின் அளவுப்படி மூன்றாகப் பிரித்தது. கிரிக்கெட், கால்பந்து, கைப்பந்து, நடனம் எல்லாம் கூடுதல் ஆபத்து பெரிதாக இல்லாத முதல் பிரிவு. நீச்சலும் சைக்கிளும் இரண்டாவது. மலையேற்றம், ஆழ்கடல் முக்குளிப்பு போன்றவை மூன்றாவது. வலிப்பு எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, முன்கூட்டித் தெரிகிறதா என்று பார்த்து, மருத்துவரும் பெற்றோரும் பிள்ளையோடு பேசி முடிவெடுக்கலாம்.