உண்டியல் முதல் காசோலை வரை: வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, முன்பு பிட் ஸ்திரீட். இங்கிலாந்துப் பிரதமர் வில்லியம் பிட்டின் பெயர் அது. 1801-ஆம் ஆண்டு வாக்கில் காதிர் முகைதீன் என்ற இந்திய முஸ்லிம் சமூகத் தலைவர் நிறுவிய பள்ளிவாசல் இன்று சாலைக்குப் பெயர் தந்து நிற்கிறது. அதே சாலையில் நகைக்கடைகளும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நாணய மாற்றுக் கடைகளும் உண்டு.

அங்கிருந்து கடலை நோக்கிச் சில தெருக்கள் நடந்தால் பினாங்கு ஸ்திரீட். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்த தெரு. தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு இங்கேதான் இருக்கிறது. அதற்கடுத்த பீச் ஸ்திரீட் வெள்ளைக்காரர் வங்கிகளின் தெரு. 1859-இல் சார்ட்டர்ட் மெர்க்கண்டைல் வங்கியும், 1875-இல் சார்ட்டர்ட் வங்கியும், 1884-இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் பினாங்கில் கால் பதித்தன. ஒரு மாலை நேர நடைத் தூரத்துக்குள் பணம் மூன்று உருவங்களில் நடமாடியது. மாற்றுக்கடையில் காசு, கிட்டங்கியில் உண்டியல், வங்கியில் காசோலை.

உண்டியல் என்றதும் இன்று கோயில் உண்டியல் நினைவுக்கு வரும். அல்லது ஊருக்குக் கள்ளத்தனமாகப் பணம் அனுப்பும் வழி நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் அது கண்ணியமான ஒரு தாள். பினாங்குக் கிட்டங்கியில் தாழ்ந்த மேசைக்கு முன் தரையில் அமர்ந்திருக்கும் ஏஜெண்டு, ஊரிலுள்ள கடைக்குத் தமிழில் எழுதுவார்: இதைக் கொண்டு வருபவருக்கு இத்தனை ரூபாய் கொடுக்கவும். கண்டவுடன் பணம் தருவது தர்சன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தருவது தவணை உண்டியல். நடப்பு வட்டியுடன் தருவது நடப்பு உண்டியல். கடல் தாண்டி ஒரு காசும் போகாது, தாள்தான் போகும். இரு முனையிலும் பேரேட்டில் பற்று வரவு எழுதினால் கணக்கு நேராகிவிடும். தாளின் மதிப்பு கடையின் விலாசத்தில் இருந்தது. விலாசம் கெட்டால் தொழிலே போச்சு.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? காசோலை, புரோநோட்டு, உண்டியல் போன்ற கைமாறும் ஆவணங்களுக்காக இந்தியாவில் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் முதல் பிரிவே ஒரு விலக்கைத் தருகிறது. கீழை நாட்டு மொழிகளில் எழுதிய ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தை இச்சட்டம் தொடாது. ஆவணமே இச்சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் கூறினால் ஒழிய. செட்டியார் தமிழில் எழுதிய உண்டியலுக்கு அவர் வழக்கமே சட்டம் என்று ஆங்கிலேய அரசு ஒப்புக்கொண்டது. சாதாரண விஷயமல்ல இது.

ஆனால் பினாங்குக்கு அந்தக் குடை கிடைக்கவில்லை. 1867 ஏப்ரல் 1-ஆம் தேதியே நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து லண்டனின் நேரடிப் பொறுப்புக்குப் போய்விட்டன. 1878-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம், வணிக வழக்குகளில் இங்கிலாந்துச் சட்டமே செல்லும் என்றது. 1882-இல் சால்மர்ஸ் வரைந்து இங்கிலாந்தில் நிறைவேறிய சட்டத்தில் கீழை மொழி ஆவணங்களுக்கென அப்படியொரு விலக்கு இல்லை. ஆக, ஒரே உண்டியலுக்கு ஊர் முனையில் ஒரு சட்டம், பினாங்கு முனையில் வேறொரு சட்டம்! சுதந்திரத்துக்கு முந்தைய மலாயா கூட்டரசின் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த ஆங்கில மாதிரியைத்தான் பின்பற்றியது. மலேசியாவில் இன்றும் அது 204-ஆம் எண் சட்டம். (இலங்கையின் வணிகத் தமிழில் இவ்வகை ஆவணத்துக்கு மாற்றுண்டியல் என்றே பெயர். பழைய சொல் அங்கே மானத்தோடு பிழைத்திருக்கிறது.)

நாடுகள் வேறானாலும் இந்தியச் சட்டம், ஆங்கிலச் சட்டம், மலேசியச் சட்டம் மூன்றிலும் 20-ஆவது பிரிவு ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறது. கடன் வாங்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய பிரிவு அது. நிரப்பாத தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள அனுமதி கொடுத்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, 200 வெள்ளி கடன் வாங்கிய ஒருவர் தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வைக்கிறார். கடன் கொடுத்தவர் அதில் 2,000 என்று எழுதினால், அவரோடு நடக்கும் வழக்கில் "பேசியது இதுவல்ல" என்று வாதாடலாம். அவரோ அதை நிரப்பி மூன்றாம் ஆளிடம் கைமாற்றிவிட்டார் என்றால்? விவரம் அறியாமல், நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கியவரை சட்டம் பாதுகாக்கிறது. கையெழுத்திட்டவர் மாட்டிக்கொள்கிறார்.

அநியாயம்போல் தோன்றும். ஆனால் இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவரின் காசோலையை யார் வாங்குவார்? கிட்டங்கியில் விலாசம் செய்த வேலையை வங்கித் தெருவில் சட்டம் செய்தது. விலாசம் ஆளைப் பார்த்தது. சட்டம் தாளை மட்டும் பார்த்தது. அந்த மாற்றத்தின் சுமை எழுத்தறியாத கடனாளி மேல்தான் அதிகம் விழுந்தது.

கடன் கொடுத்தவருக்கும் சோதனை வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் மலிந்தபோது, போருக்கு முந்தைய கடன்களைப் பலர் அந்த நோட்டுகளால் அடைத்தார்கள். வாங்க மறுப்பது எளிதல்ல. 1945-இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டு வெறும் காகிதமானது. அடைத்த கடன் அடைந்ததா, இல்லையா? 1948-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, ஜப்பானியப் பணத்தின் சரிவுக்கு ஓர் அட்டவணையும் தர வேண்டியிருந்தது.

மலாயாவின் 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம் கடனாளியின் பக்கம் நின்றது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத கடனுக்கு நீதிமன்றம் துணை வராது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், பணம் கொடுப்பதற்கு முன்பே முத்திரையிட்ட ஒப்பந்த நகலைக் கடனாளியிடம் தர வேண்டும் என்றது. ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடு என வட்டிக்கு உச்சவரம்பு. ஆலோங்கிடம் போகிறவர் இந்தப் பாதுகாப்புகளையெல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

நகரத்தாரும் வங்கிக்கு மாறினர். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937-இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி விரைவிலேயே பினாங்கிலும் கிளை திறந்தது. 1969-இல் இந்தியா அதைத் தேசியமயமாக்க, அயல்நாட்டு அரசுகளின் வங்கிகளுக்கு மலேசியச் சட்டம் இடம் தராததால், 1973-இல் அதன் மலேசியக் கிளைகள் யுனைட்டெட் ஏசியன் வங்கியில் கலந்தன.

திரும்பிய காசோலையை இரு நாடுகளும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. இந்தியாவில் 1989 ஏப்ரல் முதல், 138-ஆவது பிரிவின்படி அது குற்றம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டு ஆண்டு வரை சிறை. மலேசியாவில் பணமில்லாமல் காசோலை திரும்பியது மட்டுமே குற்றமாகாது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் தண்டனைச் சட்டம் வரும். ஆனால் 12 மாதங்களில் மூன்று முறை திரும்பினால் நடப்புக் கணக்கை வங்கி மூட வேண்டும் என்று பேங்க் நெகாரா விதி வகுத்தது.

2015 ஜனவரி முதல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 சென் கட்டணம் வந்தது. மக்களை மின்பரிமாற்றத்துக்குத் திருப்பவே இந்த ஏற்பாடு. பள்ளிவாசல் சாலையின் நாணய மாற்றுக் கடைகளும், ஊருக்குப் பணம் அனுப்பும் சேவையும் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே நடக்க வேண்டும். உரிமமில்லாத உண்டியல், தன் பழைய தெருவுக்கு அருகிலேயே சட்டவிரோதமாகிவிட்டது.