கடற்கரைக் கூட்டம் முதல் கைப்பேசிக் குழு வரை: காரைக்கால் படகு உரிமையாளர்களின் தகவல் தளமாற்றம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காரைக்கால் கடலோரப் படகு உரிமையாளர்கள் தமக்குள் செய்தி பகிரவும் கலந்து பேசவும் கையாண்ட தளங்கள் கடந்த அரை நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளன. ஊர்க்கூட்டம், ஒலிபெருக்கி, வயர்லெஸ், கைப்பேசி, வாட்ஸ்அப் குழு, செயற்கைக்கோள் கருவி என அமையும் இவ்வரிசையைப் பழையது கழிந்து புதியது புகுந்த வளர்ச்சியாகக் காண்பது வழக்கம். ஒவ்வொரு புதிய தளமும் பழைய தளத்தின் பணிகளுள் சிலவற்றையே ஏற்றது, எஞ்சியவை பழைய தளத்திலேயே தங்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், மீனவர் பஞ்சாயத்து, விசைப்படகு, வயர்லெஸ், வாட்ஸ்அப், தளமாற்றம்

முன்னுரை

சோழமண்டலக் கடற்கரை குறித்த வரலாற்றாய்வுகள் துறைமுகம், கடல் வணிகம், காலனிய ஆட்சி ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. ஆனால் மீன்பிடிப் படகுடையோர் தமக்குள் எவ்வாறு பேசிக்கொண்டனர், ஒருவரின் செய்தி யார் யாரை எட்டியது, எம்முடிவு யாரைக் கட்டுப்படுத்தியது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. இவ்வினாக்களை எழுப்புதற்குக் காரைக்கால் தக்க களமாகும்.

1739-இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சியர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டமாக, தமிழ்நாட்டு மாவட்டங்களால் மூன்று புறமும் சூழப்பட்டு, கிழக்கே கடலை நோக்கி அமைந்துள்ளது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, கோட்டுச்சேரிமேடு, மண்டபத்தூர் முதலியன இதன் மீனவ ஊர்கள். நிலத்தில் எல்லை வரைந்த ஆட்சி, கடலில் அவ்வாறு வரையவில்லை. காரைக்கால் படகு புதுச்சேரி அரசிலும், அடுத்த ஊர்ப் படகு தமிழ்நாட்டரசிலும் பதிவு பெறினும், இரண்டும் ஒரே நீரில் வலை விரிக்கின்றன. அவ்வூர்களைக் கொள்வினை கொடுப்பினையும் பஞ்சாயத்து உறவும் பிணைக்கின்றன. எனவே அரசு வழிச் செய்தியின் எல்லையும் மீனவர் வழிச் செய்தியின் எல்லையும் இங்கு ஒன்றாவதில்லை.

ஊர்க்கூட்டம் என்னும் முதல் தளம்

இக்கடலோரத்தில் மீன்பிடி ஒழுங்கினை நெடுங்காலம் பேணியது ஊர்ப் பஞ்சாயத்து ஆகும். டச்சு ஆய்வாளர் மார்ட்டென் பாவிங்க் 2001-இல் வெளியிட்ட நூலில், சோழமண்டலக் கடற்கரையின் மீன்பிடி ஒழுங்குமுறையில் ஊர்ப் பஞ்சாயத்துகள் அரசுச் சட்டத்துக்கு இணையான அதிகாரத்துடன் இயங்குவதை விளக்கியுள்ளார். எந்த வலையை அனுமதிப்பது, எந்நாளில் கடலுக்குச் செல்லாதிருப்பது, மோதலில் இழந்த வலைக்கு ஈடு எவ்வளவு என்பன கூட்டத்தில் பேசி முடிக்கப்பட்டன.

ஒரு தகவல் தளம் என்ற நோக்கில் ஊர்க்கூட்டம் மூன்று பணிகளை ஒருசேர ஆற்றியது. செய்தியைப் பரப்பியது, அதன்மீது கலந்துரையாட இடமளித்தது, எடுத்த முடிவினால் அனைவரையும் கட்டுப்படுத்தியது. முடிவை மீறியவர் தண்டம் கட்ட நேர்ந்தது. அதன் வரம்புகளையும் மறைத்தற்கில்லை. தலைக்கட்டு வரி செலுத்தும் ஆண்களே அதன் உறுப்பினர். மீன் விற்கும் பெண்டிர்க்கு அங்குக் குரலில்லை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பட்டியல்கள் பஞ்சாயத்துகளின் வழி உருவானபோது, ஆண் தலைவரற்ற குடும்பங்கள் விடுபட்டமை இக்கடற்கரையின் பல ஊர்களிலும் பேசப்பட்டது. உறுப்பினர் யார் என்னும் வினா, தளம் மாறியபோதும் மாறாத வினாவாகத் தொடர்கிறது.

கூண்டும் ஒலிபெருக்கியும்

கடலிலிருப்போர்க்கு அரசு தரும் செய்திக்கு நெடுங்காலம் கண்கண்ட வடிவமாக நின்றது துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூண்டாலும் இரவில் விளக்காலும் காட்டப்படும் எச்சரிக்கைகள் பதினொன்று. இவற்றுள் பதினொன்றாம் எண் புயலின் வலிமையைக் குறிப்பதன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடனான தொடர்பு அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக ஆக்கிய இவ்வமைப்பின் நுட்பம், பின்வந்த தளங்கள் பலவற்றில் இடம்பெறவில்லை.

ஒலிபெருக்கியின் பங்கினைப் புதுச்சேரிப் பகுதியின் இரு ஊர்கள் தெளிவாக உணர்த்துகின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கு ஊரக அறிவு மையங்களை நிறுவியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பு, தமிழில் ஒலிபெருக்கி வழியே கடற்கரையில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாடு ஊரினர் ஒருவர், பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மைய ஒலிபெருக்கி அதனை ஊர் முழுதும் பரப்பியது. 3,600-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். எச்சரிக்கையை ஊருக்குக் கொண்டுவந்தது தொலைபேசி. ஊராரை இடம்பெயரச் செய்தது, அவர்கள் அன்றாடம் கேட்டுப் பழகி நம்பிய ஒலிபெருக்கி. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருப்பின் இப்பயன் விளைந்திராது. அதே நாளில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி கண்ட உயிரிழப்பின் பெரும்பகுதி காரைக்கால் மாவட்டத்திலேயே நேர்ந்தது என்பதை நோக்க, இவ்வேறுபாட்டின் எடை விளங்கும்.

வயர்லெஸ்: அனைவரும் கேட்கும் தளம்

கட்டுமரம் கரைக்கடலில் மீன்பிடித்து அன்றே திரும்பியது. விசைப்படகு பல நாள் கடலில் தங்கியது. படகின் உரிமையாளர் கரையிலும் ஓட்டுநரும் தொழிலாளரும் கடலிலும் பிரிந்தமையால், ஊர்க்கூட்டம் மட்டும் போதாதாயிற்று. வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவி இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. இதன் பதினாறாம் அலைவரிசை (156.8 மெகாஹெர்ட்ஸ்) உலகெங்கும் ஆபத்து அழைப்புக்குரியது.

வயர்லெஸில் பேசுவதை அவ்வலைவரிசையில் உள்ள அனைவரும் கேட்பர். ஒரு படகு பழுதுற்றால் அருகிலுள்ள எப்படகும் உதவிக்கு விரையலாம். அதே காரணத்தால், மீன் திரண்ட இடத்தை வயர்லெஸில் கூறியவர் அதனைப் போட்டியாளர்க்கும் கூறியவராவார். மேலும், பேச்சு காற்றோடு போகும், பதிவு எஞ்சாது. அதன் வீச்சும் நேர்க்கோட்டளவினது ஆதலின், சில பத்துக் கடல் மைல்களுக்கு அப்பால் எட்டாது.

இவ்வெல்லையின் விலையை ஒக்கிப் புயல் காட்டியது. 2017 நவம்பர் இறுதியில், ஆழ்கடலில் பல நாள் தங்கியிருந்த கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவரை எச்சரிக்கை எட்டவில்லை. எச்சரிக்கை வெளியிடப்பட்டது என்பதும் அது சென்று சேர்ந்தது என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை அப்பேரிழப்பு உணர்த்தியது.

கைப்பேசியும் குழுவும்

கைப்பேசியின் விளைவை அளந்து காட்டிய ஆய்வு, இராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்டது. வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் கைப்பேசி பரவியதும், சந்தைகளிடையே மத்தி மீனின் விலை வேறுபாடு சுருங்கியது. விற்காமல் வீணாகும் மீன் பெரிதும் குறைந்தது. கடலிலிருந்தே விலை கேட்டுக் கரை சேரும் இடத்தைத் தெரிவு செய்யும் ஆற்றலைப் படகினர் பெற்றனர். அதே வேளையில், அனைவரும் கேட்ட உரையாடல் இருவருக்குள் அடங்கியது.

2009-இல் தோன்றிய வாட்ஸ்அப், அவ்வுரையாடலை மீண்டும் கூட்டமாக்கியது. 2013-இல் வந்த குரல்பதிவு வசதி, தட்டெழுதப் பழகாதவரையும் உட்கொண்டது. வயர்லெஸில் இல்லாத நினைவை, அதாவது படம், குரல், நேரம் ஆகியவற்றின் பதிவை, குழு தந்தது. ஆயினும் வயர்லெஸில் இருந்த திறந்த தன்மையை அது இழந்தது. குழுவில் சேர்க்கப்பட்டவரே கேட்பர். 2016-இல் 256 ஆக இருந்த உறுப்பினர் உச்ச வரம்பு 2022-இல் 1,024 ஆக உயர்ந்தது. எண்ணிக்கை கூடினும், சேர்ப்பதும் நீக்குவதும் குழு நிர்வாகியின் கையிலேயே உள்ளன. 2018-இல் நிர்வாகிகள் மட்டும் செய்தியிடும் வசதி வந்தபோது, ஒரே அமைப்பு மாற்றத்தால் கூட்டத்தை ஒலிபெருக்கியாக்க இயன்றது. படகு உரிமையாளர் குழுவில் உரிமையாளர் இருப்பர். கடலில் உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாளர் இருப்பது கட்டாயமன்று.

அரசும் தொண்டு நிறுவனங்களும் உருவாக்கிய செயலிகளும் இத்தகைய இடப்பெயர்வைக் கண்டன. மேற்கூறிய சுவாமிநாதன் நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி, முதலில் சி.டி.எம்.ஏ. வகைக் கைப்பேசிகளில் இயங்கிப் பின்னர் ஆண்ட்ராய்டுக்கு மாறியது. செயலியை மாற்றுவது நிறுவனத்தின் முடிவு. அதற்கேற்பக் கைப்பேசியை மாற்றுவது மீனவரின் செலவு.

செயற்கைக்கோள் தளம்

ஒக்கிக்குப் பின், 2019-இல் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முதலியன இணைந்து ஜெமினி கருவியை அறிமுகப்படுத்தின. ககன் செயற்கைக்கோள் வழி வரும் எச்சரிக்கையை அது கைப்பேசிக்குத் தரும். படகினர் மறுமொழி கூற இயலாது. அடுத்து, ஒரு இலட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் இருவழிச் செய்தித் தொடர்புடைய டிரான்ஸ்பாண்டர் கருவிகள் வழங்கும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. தொலைவு என்னும் தடையை இது நீக்குகிறது. அதனுடன், படகின் இருப்பிடத்தைத் தொடர்ந்து அரசு அறியச் செய்கிறது. இலங்கைக் கடல் எல்லையை ஒட்டித் தொழில் செய்யும் காரைக்கால் படகினர்க்கு இப்பதிவு காப்பாகவும் அமையலாம், எதிர்ச்சான்றாகவும் அமையலாம்.

2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படையினர் சுட்டதில் மீனவர் காயமுற்றனர். இத்தகைய நிகழ்வுகளில் செய்தியும் படமும் குழுக்களின் வழி விரைந்து பரவுகின்றன. ஆனால் கடலுக்குச் செல்வதா, வேலைநிறுத்தம் செய்வதா என்னும் முடிவு, இன்றும் கிராமப் பஞ்சாயத்தார் நேரில் கூடும் கூட்டத்திலேயே எடுக்கப்படுகிறது. ஒரு குழுவிலிருந்து வெளியேறுவது எளிது. ஓர் ஊரிலிருந்து வெளியேறுவது எளிதன்று. முடிவுக்குக் கட்டுப்படுத்தும் வலிமையைத் தருவது இவ்வேறுபாடே.

முடிவுரை

செய்தி பரப்பும் பணி கூண்டு, ஒலிபெருக்கி, வயர்லெஸ், குழு, செயற்கைக்கோள் என இடம்பெயர்ந்து, தொலைவிலும் விரைவிலும் வளர்ந்துள்ளது. கலந்துரையாடல் ஒரு பகுதி கைப்பேசிக்கு மாறியுள்ளது. கட்டுப்படுத்தும் முடிவு கரையை விட்டு நகரவில்லை.

இதனால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, புதிய தளம் வந்ததும் பழையதைக் கைவிடுவது கடலோரத்தில் உயிராபத்தாக முடியக்கூடும். நல்லவாட்டில் தொலைபேசியும் ஒலிபெருக்கியும் இணைந்தே காத்தன. மற்றொன்று, கருவிகளை வழங்கும் திட்டங்கள் படகை அலகாகக் கொள்கின்றன. படகிலுள்ள தொழிலாளரையும் கரையில் காத்திருக்கும் குடும்பத்தையும் செய்தியின் உரிமையாளராகக் கொள்வதில்லை. ஊர்க்கூட்டத்தின் உறுப்பினர் வரம்பை விமர்சிக்கும் ஆய்வாளர், கைப்பேசிக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் அதே கண்ணோடு நோக்க வேண்டும். குழுச்செய்திகள் கைப்பேசி மாறும்போது அழியும் இயல்பின ஆதலின், அவற்றையும் வாய்மொழி வழக்காறுகளையும் உரியவர் இசைவுடன் ஆவணப்படுத்துவது கடலோர வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும்.