சுழலும் நீரும் வில்லுவண்டியும்

2015 தொடக்கத்தில் நாகர்கோவிலில் ரயிலேறி, கொச்சி-முசிரிஸ் பினாலே பார்க்கப் போயிருந்தேன். கோட்டைக் கொச்சியிலுள்ள ஆஸ்பின்வால் ஹவுஸ்தான் அப்போது முக்கிய அரங்கம். 1867இல் தொடங்கப்பட்ட ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் கடலோரக் கட்டடங்கள் அவை. மிளகு, இஞ்சி, தேங்காய் எண்ணெய், பின்னாளில் கயிறு என்று எல்லாம் வணிகமான இடம்.

அங்கே ஓர் அறையில் அனிஷ் கபூரின் 'டிசென்ஷன்' என்ற படைப்பு. தரையில் வட்டமான குழி. அதில் கருத்த நீர் ஓயாமல் சுழன்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சுழற்றும் பொறி கண்ணுக்குத் தெரியாது. பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி எழுந்தது: இந்தக் கிட்டங்கிகளை நிரப்பிய உழைப்பும் இப்படித்தானே கண்ணுக்குத் தெரியாமல் போனது?

தோழர்களே, ஆண்டுகளைக் கவனியுங்கள். கொச்சி சமஸ்தானம் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1854இல். திருவிதாங்கூர் ஒழித்தது 1855இல். அன்று நம் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. இங்கே மனிதர்களை விலைக்கு விற்றதற்கு அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளே சாட்சி. ஆஸ்பின்வால் நிறுவனம் பிறந்தபோது, புலையரும் பறையரும் சட்டத்தின் ஏட்டில் விடுதலை பெற்றுப் பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. சரக்கு கடல் தாண்டிப் போனது. நம் மக்களுக்கோ பொதுச்சாலையில் நடக்கவும் தடை.

அந்தத் தடையை 1893இல் உடைத்தவர் வெங்ஙானூர் அய்யன்காளி. ஆதிக்கச் சாதியினர் மட்டுமே ஓட்டிவந்த வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். பிறகு, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு வயல்வேலையை நிறுத்த வைத்தார். வண்டி ஓடியதும் போராட்டம், அரிவாள் நின்றதும் போராட்டம். தமிழில் அசைவுக்கும் அமைப்பாகத் திரள்வதற்கும் 'இயக்கம்' என்ற ஒரே சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

பழைய கிட்டங்கிகளும் ஆலைகளும் கலைக்கூடங்களாக மாறுவது நல்லதுதான். அங்கே போங்கள், ரசியுங்கள். கலை நமக்கும் உரியது. ஆனால் சுவரைப் பார்க்கும்போது, இங்கே மூட்டை சுமந்தது யார், அவர்கள் பெயர் எங்கே என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் வீட்டுப் பாட்டியிடம், அவர் யார் வயலில், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். எந்த அருங்காட்சியகமும் நமக்காக அதைச் செய்துவிடாது.