ஆரணி வயல்வெளியில் வெடித்த துப்பாக்கிகள்

ஆரணி என்றதும் நம் நினைவுக்கு வருவது பட்டு. கமண்டல நாக நதிக்கரையிலுள்ள இந்த ஊரின் தெருக்களில் நடந்தால் தறியின் ஓசை காதில் விழும். ஆனால் உலகப் போர்க்கலை வரலாற்று நூல்களில் ஆரணி என்ற பெயரைத் தேடினால் அங்கே பட்டைப் பற்றி ஒரு சொல்லும் இராது. 1751, 1782 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இங்கே நடந்த இரு சண்டைகளே இருக்கும். அவற்றுள் முதலாவது, பழைய துப்பாக்கி எப்படி வேலை செய்தது, எப்போது வேலை செய்யாமற் போயிற்று என்பதை அறிய மிக நல்ல சான்று.

ஆர்க்காட்டுக் கோட்டை முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய ராஜா சாகிப், சந்தா சாகிபின் மகன். அவரைத் துரத்தி வந்தவர் ராபர்ட் கிளைவ். 1751 டிசம்பர் 3 அன்று இருவரும் ஆரணி அருகே மோதினர். கிளைவிடம் சுமார் 200 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகள். துணைக்கு முராரி ராவின் மராத்தியக் குதிரைப் படையினர் சுமார் 600 பேர். எதிரே 300 பிரெஞ்சுக்காரர், 2,500 சிப்பாய்கள், 2,000 குதிரை வீரர். கணக்குப் போட்டால் யார் வெல்ல வேண்டும் என்பது சிறுவனுக்கும் தெரியும்.

டிசம்பர் மாதம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்து, நெல்வயல்கள் சேறாகிக் கிடக்கும் காலம். கிளைவ் தன் படைக்கு முன்னால் இந்தச் சேற்று வயல் இருக்கும்படி இடம் பார்த்து நின்றார். வலப்புறம் ஒரு சிற்றூர், இடப்புறம் ஒரு தோப்பு. வயலின் குறுக்கே ஒரே ஒரு மேட்டுப்பாதை. பிரெஞ்சுக்காரர் தம் பீரங்கிகளோடு அந்தப் பாதை வழியே நெருங்கி வந்தனர். நெருக்கமாக வந்தவர்கள் மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. சிப்பாய்கள் பாதையை விட்டு வயலில் இறங்க, பீரங்கிகள் பாதையிலேயே காவலின்றி நின்றன. தோப்புப் பக்கம் குதிரைப் படைகள் பலமுறை மோதிக் கொண்டன. பிறகு பின்வாங்கிய படை, வழியிலிருந்த சத்திரங்களில் நின்று எதிர்த்துப் பார்த்தது, இருட்டியதும் கலைந்தது.

இந்தச் சண்டையில் சிப்பாய்களின் கையில் இருந்தது எது? சிக்கிமுக்கித் துப்பாக்கி. அதன் வேலையைச் சற்று விரிவாகக் காண்போம்.

குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை; அதன் வெளியே ஒரு சிறு கிண்ணம்; அதிலும் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்ததும் ‘குதிரை’யின் வாயில் கவ்வியுள்ள கல், எஃகுத் தகட்டில் உரசுகிறது. நம் பாட்டிமார் அடுப்பு மூட்டிய அதே சிக்கிமுக்கிதான். இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். பறக்கும் பொறி கல்லின் துகள் அன்று. கல் சுரண்டி எடுத்த இரும்புத் துகள், உராய்வுச் சூட்டால் காற்றிலேயே பற்றி எரிகிறது. அந்தப் பொறி கிண்ணத்தில் விழ, தீ துளை வழியே உள்ளே ஓடி, மருந்து வெடிக்கிறது. இந்தத் தொடரில் எந்த ஓரிடம் ஈரமானாலும் துப்பாக்கி வெறும் தடிதான்.

மருந்து என்பது கருமருந்து. 100 பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட் எரிவதற்கான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால்தான் மூடிய குழலுக்குள் கரி எரிய முடிகிறது. கந்தகம் எளிதில் தீப்பற்றச் செய்கிறது. வெடியுப்பு நீரில் கரையும். நனைந்த மருந்தை வெயிலில் உலர்த்தினால், உப்பு தனியே படிகமாகப் பிரிந்துவிடும். பழைய கலவை திரும்பாது. 1757-ல் பிளாசியில் ஒரு மழை, மருந்தை மூடி வைக்காத நவாப் படையை எப்படி முடக்கியது என்பதை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

எரிந்தபின் இந்த மருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாக எஞ்சுகிறது. அதுதான் வெண்புகை, அதுதான் குழலில் படியும் கசடு. சில முறை சுட்டதும் குழல் குறுகிவிடும் என்பதற்காகவே குண்டைச் சிறிதாக வார்த்தனர். ஆங்கிலேயரின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர், குண்டோ 17.5 மில்லிமீட்டர், சுமார் 32 கிராம் எடை. இடைவெளி இருப்பதால் குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு, கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்பத் திரும்பி வெளியேறும். 100 கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறி வைப்பது வீண். பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஆகவே குறி பார்ப்பதைவிட, நூறு பேர் ஒரே வரிசையில் நின்று ஒரே நேரத்தில் சுடுவதே பயன் தந்தது. சேற்றில் கால் புதைந்தால் அந்த வரிசை கலைகிறது. ஆரணியில் வென்றது துப்பாக்கி என்பதைவிட, நெல்வயல் என்று சொல்வதே என் கருத்தில் பொருத்தம்.

பீரங்கி மருந்தை உறையிலிட்டுக் குழலில் நுழைப்பதுண்டு. துணி உறை எரிந்தபின் உள்ளே கனிந்து கொண்டிருக்கும் துண்டு, அடுத்த மருந்தை அகாலத்தில் பற்றவைத்துப் பீரங்கிக்காரரைக் கொன்றுவிடும். கனியாமல் எரிந்து போவது எது என்று தேடியவர்கள் பிற்காலத்தில் பட்டுத் துணியைத் தேர்ந்தனர். ஆரணி வாசகர்களுக்காக இதைச் சொல்லி வைத்தேன்.

தோற்ற படையிலிருந்து விலகிய சிப்பாய்கள் கிளைவிடம் வந்து வேலை கேட்டனர். அவர் நல்ல துப்பாக்கியோடு வந்தவர்களை மட்டும், ஏறத்தாழ 600 பேரைச் சேர்த்துக்கொண்டார். அன்று துப்பாக்கி ஒருவனின் சோறு. அதைத் தோளில் சுமந்து வந்தவன் வேறொரு முதலாளியிடம் நாளையே கூலி பெற முடிந்தது.

1782 ஜூன் 2 அன்று நடந்த இரண்டாம் சண்டையை விரைவாகவே சொல்லிவிடலாம். ஆரணிக் கோட்டையில் ஹைதர் அலியின் தானியமும் தளவாடங்களும் இருந்தன. அவற்றைப் பிடிக்க வந்தார் அயர் கூட். ஹைதரும் திப்புவும் தாக்கியதில் கோட்டை தப்பியது. போரில் தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை.

ஆனால் துப்பாக்கி யாரிடம் இருக்கலாம் என்ற கேள்விக்கு விடை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மாறியது. பாளையக்காரர் போர் முடிந்த 1801 டிசம்பரில், தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருக்கலாகாது என அறிக்கை வெளியிட்டவர் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ். ஆரணியில் துப்பாக்கியைப் பார்த்து ஆள் எடுத்த ராபர்ட் கிளைவின் மகன் அவர்! பின்னர் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. சுதந்தர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நிற வேற்றுமை இல்லை. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு அதில் விலக்கு உண்டு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1980-களில் ஒரு புதிய விளையாட்டு தோன்றியது. 19-ஆம் நூற்றாண்டு மாட்டுப் பண்ணைக்காரர் போல உடுத்தி, புனைபெயர் வைத்துக்கொண்டு, அக்கால வடிவத் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுட வேண்டும். யார் விரைவில் முடிக்கிறார் என்பதே போட்டி. இரண்டு கைத்துப்பாக்கி, நெம்புகோல் துப்பாக்கி ஒன்று, சிதறு குண்டுத் துப்பாக்கி ஒன்று என நான்கு தேவை. கல்லும் கிண்ணமும் போய், குண்டும் மருந்தும் ஒரே உலோகத் தோட்டாவில் அடங்கிய காலத்தவை இவை. ஆரணிச் சிப்பாய் ஒரு முறை சுடும் 20 விநாடியில் இவர்கள் பத்துத் தகடுகளை வீழ்த்திவிடுவார்கள். சிலர் பிடிவாதமாகக் கருமருந்தையே போட்டுச் சுட்டு, தம் புகையில் தாமே குறி தெரியாமல் தவிப்பதும் உண்டு. 1751-ன் புகை எப்படி இருந்தது என்பதற்கு இது ஓர் உயிருள்ள பாடம்.

நம் ஊர்களில் பழைய வீட்டுப் பரணில் இத்தகைய குழல் ஒன்று கிடைத்தால் செய்ய வேண்டியது வேறு. உலர்ந்த இடத்தில் கருமருந்து எளிதில் கெடுவதில்லை. தாத்தாவின் தாத்தா கெட்டித்து வைத்த மருந்து இன்னும் உள்ளே இருக்கக்கூடும். துருவைப் போக்கச் சூடு காட்டுவதோ, துளையில் கம்பி விட்டுக் குத்துவதோ கூடாது. குழலின் வாய் யார் பக்கமும் இராதபடி அப்படியே விட்டுவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.