மீன் குளத்துச் சிறு படகுக்கு மின் மோட்டார்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பண்ணைக்குட்டை, ஏரிக் குத்தகை என மீன் வளர்க்கும் விவசாயிகளுக்குப் படகு அன்றாடத் தேவை. தீவனம் போடவும், வலை பார்க்கவும், பாசி அகற்றவும் தினமும் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கிறது. அரை ஏக்கர் குட்டை என்றால் துடுப்பே போதும். பல ஏக்கர் ஏரியில் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டால் தோள்பட்டை போய்விடும். பெட்ரோல் இன்ஜினோ சத்தம், புகை, எண்ணெய்க் கசிவு ஆகிய மூன்றையும் குளத்துக்குள் கொண்டுவருகிறது. அதனால்தான் பேட்டரியில் ஓடும் சிறிய மின் மோட்டாரைப் பலரும் விசாரிக்கிறார்கள்.

தூண்டிலைத் தண்ணீரில் விட்டுப் படகை மெதுவாக நகர்த்தி மீன் பிடிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் டிரோலிங் என்று பெயர். அதற்காக உருவானதால் இதை டிரோலிங் மோட்டார் என்கிறார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1934-ல் தொடங்கிய மின் கோட்டா நிறுவனம் இதில் முன்னோடி. இன்று கயாக் எனப்படும் ஒல்லியான பிளாஸ்டிக் படகு முதல் பைபர் படகு வரை எல்லாவற்றுக்கும் இதே வகை மோட்டாரைப் பொருத்துகிறார்கள்.

இதை வாங்கும் பலர் செய்யும் தவறு, பெரிய மோட்டாரை வாங்கிவிட்டு பேட்டரிக்குக் கையில் இருப்பதைப் பொருத்துவது. நடு ஏரியில் பேட்டரி இறங்கிப்போனால், எவ்வளவு பெரிய மோட்டாரும் படகில் கிடக்கும் பாரம்தான். எனவே முதலில் எடை, அடுத்து வேலை நேரம், அதன்பின் பேட்டரி, கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் முடிவு செய்யுங்கள்.

எத்தனை பவுண்டு மோட்டார் தேவை?

கிணற்று மோட்டாரை எச்.பி. கணக்கில் கேட்கிறோம். படகு மோட்டாருக்குத் தள்ளும் விசைதான் கணக்கு. அதைப் பவுண்டில் சொல்வார்கள். 30 பவுண்டு என்றால் சுமார் 13.6 கிலோ விசையுடன் தள்ளும் என்று பொருள். 12 வோல்ட்டில் ஓடும் இந்த மோட்டார் எடுக்கும் மின்சாரம் அரை எச்.பி.க்கும் குறைவு.

மொத்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் குறைந்தது 2 பவுண்டு விசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. காற்று, பாசி, நீரோட்டம் இருக்கும் இடத்தில் அதை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

உதாரணமாக, பைபர் படகு 80 கிலோ, ஆட்கள் இருவர் 130 கிலோ, தீவனம் 60 கிலோ, பேட்டரி 30 கிலோ, மோட்டார் 10 கிலோ எனக் கொள்வோம். மொத்தம் 310 கிலோ. இதற்குக் குறைந்தபட்சம் 14 பவுண்டு தேவை. இரட்டித்தால் 28. ஆக, 30 பவுண்டு மோட்டார் போதும். ஒருவர் மட்டும் போகும் கயாக்கின் மொத்த எடை 150 கிலோ அளவுதான். அதற்கு 30 பவுண்டே தாராளம்.

55 பவுண்டு வாங்கினால் இரண்டு மடங்கு வேகம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். சிறு படகின் வேகத்தை அதன் நீளமும் விசிறியின் அமைப்பும் கட்டுப்படுத்துகின்றன. பெரும்பாலும் மணிக்கு 7 அல்லது 8 கிலோமீட்டரைத் தாண்டாது. பெரிய மோட்டார் அதிகப் பாரத்தையும் எதிர்க்காற்றையும் தாங்கும், அவ்வளவுதான். 55 பவுண்டு வரை பொதுவாக 12 வோல்ட், ஒரே பேட்டரி போதும். 70, 80 பவுண்டு மோட்டார்களுக்கு 24 வோல்ட் தேவை. அதற்கு 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு ஆகும். செலவும் எடையும் கூடும்.

பேட்டரிக் கணக்கு

12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில், ஒரு பவுண்டுக்குச் சுமார் 1 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். 30 பவுண்டு மோட்டாருக்கு ஏறக்குறைய 30 ஆம்பியர். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். மெதுவாகப் போவதே சிக்கனம்.

ஒரு நாள் வேலையை இப்படிக் கணக்கிடலாம்:

- காலை, மாலை அரை மணி நேரம் வீதம் தீவனம் போட, 10 ஆம்பியரில் 1 மணி நேரம்: 10 ஆம்பியர் மணி
- வலை பார்க்க, 15 ஆம்பியரில் 1 மணி நேரம்: 15 ஆம்பியர் மணி
- எதிர்க்காற்றில் கரை திரும்ப, 30 ஆம்பியரில் 20 நிமிடம்: 10 ஆம்பியர் மணி

மொத்தம் 35 ஆம்பியர் மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 70 ஆம்பியர் மணி கொண்டது வேண்டும். பேட்டரி மேல் எழுதியிருக்கும் அளவு, பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. அதையும் சேர்த்து 100 ஆம்பியர் மணி வாங்குவது பாதுகாப்பு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம் என்பதால், இதே வேலைக்கு 50 முதல் 60 ஆம்பியர் மணி போதும்.

எந்த பேட்டரி?

டிராக்டர், கார் பேட்டரி: வேண்டாம். இன்ஜினைக் கிளப்ப சில நொடிகள் அதிக மின்சாரம் கொடுக்கவே இவை செய்யப்பட்டவை. தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரமே வீணாகிவிடும். மோட்டாரும் ஓடாது, டிராக்டரும் கிளம்பாது.

இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி: ஆழமாக இறக்கி ஏற்றுவதைத் தாங்கும். உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால் 150 ஆம்பியர் மணி பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அகலமான தட்டையடிப் படகுக்குப் பரவாயில்லை, கயாக்குக்கு ஆகாது. உள்ளே அமிலம் இருப்பதால் சாயாதபடி கட்டி வைக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரி: 100 ஆம்பியர் மணி பேட்டரியே 15 கிலோவுக்குள் அடங்கிவிடும். முதலீடு அதிகம், ஆயுளும் அதிகம். இதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் பாதுகாப்புச் சாதனம் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். 50 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பி.எம்.எஸ். இருந்தால், முழு வேகத்தில் நடு ஏரியில் மின்சாரத்தைத் துண்டித்துவிடக்கூடும். லித்தியத்துக்கு உரிய சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

சார்ஜ் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன ஒரு நாள் வேலைக்கு அரை யூனிட்டை ஒட்டித்தான் ஆகும். கரையில் மின் இணைப்பு இல்லாவிட்டால், 150 வாட் சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் நல்ல வெயில் நாளில் அதை ஈடுகட்டிவிடும்.

வேகக் கட்டுப்பாடு, தண்டு நீளம்

5 முன்வேகம், 3 பின்வேகம் என்று படிப்படியாக மாற்றும் மோட்டார்கள் விலை குறைவு. ஆனால் குறைந்த வேகத்தில் மின்சாரத்தின் ஒரு பகுதி சூடாக வீணாகும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. தினமும் மெதுவாக ஓட்டித் தீவனம் போடுபவர்களுக்கு இதுவே லாபம்.

விசிறியின் மேல் நுனி, நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். படகின் பின்பலகை உச்சியில் இருந்து நீர்மட்டம் வரை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். பெரும்பாலான சிறு படகுகளுக்கு 30 அங்குலத் தண்டு பொருந்தும். பலகை உயரமாக இருந்தால் 36 அங்குலம் தேவைப்படும். ஆழம் குறைந்த குட்டையில் தண்டை மேலே ஏற்றி வையுங்கள். விசிறி அடிச்சேற்றைக் கலக்கினால் மீன்களுக்கு நல்லதல்ல.

கயாக்கில் மோட்டாரைப் பின்புறம் பொருத்தினால், பேட்டரியை முன்பக்கம் தாழ்வாக வைத்து வாரால் கட்டுங்கள். எடை ஒரே பக்கம் சேர்ந்தால் கவிழும். பரிசலுக்கு இந்த மோட்டார் ஒத்துவராது. வட்ட வடிவம் என்பதால் நேராகப் போகாமல் சுழலும்.

பாசி, நரம்பு, உப்பு நீர்

வேலம்பாசியும் ஆகாயத்தாமரையும் உள்ள நீரில், களை சுற்றாத வகை விசிறி கேட்டு வாங்குங்கள். அப்படியும் சிக்கினால், பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகே கையை வையுங்கள்.

வலை நரம்பும் தூண்டில் நரம்பும் விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலை அறுத்துவிடும். பிறகு மோட்டாருக்குள் நீர் இறங்கும். வலை வேலை செய்த ஒவ்வொரு முறையும் விசிறியைக் கழற்றிப் பாருங்கள். விசிறி எதிலாவது மோதினால், அதைப் பிடித்திருக்கும் சிறிய பின் உடையும். உதிரி பின்னும் ஸ்பேனரும் படகிலேயே இருக்கட்டும்.

இறால் குட்டை, கழிமுகம் போன்ற உப்பு நீருக்கு அதற்கென்றே செய்த மோட்டார்தான் வேண்டும். அதில் துத்தநாகத் துண்டு ஒன்று இருக்கும். மற்ற உலோகத்துக்குப் பதிலாக அது அரிக்கப்படும். தேய்ந்ததும் மாற்ற வேண்டும். பயன்படுத்திய பின் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஒயரிங்கில் சிக்கனம் வேண்டாம்

12 வோல்ட்டில் ஆம்பியர் அதிகம். வீட்டு ஒயரிங்கில் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் சூடேறி உருகும். 3 மீட்டர் தூரத்துக்குள், 30 பவுண்டு மோட்டாருக்கு 10 சதுர மில்லிமீட்டர், 50 பவுண்டுக்கு மேல் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே டி.சி. பிரேக்கர் இருக்க வேண்டும். 30 பவுண்டுக்கு 50 ஆம்பியர், 55 பவுண்டுக்கு 60 ஆம்பியர் போதும். வீட்டு ஏ.சி. பிரேக்கர் டி.சி. மின்சாரத்தின் தீப்பொறியைச் சரியாக அணைக்காது. ஈய அமில பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். அப்போது எரியக்கூடிய வாயு வெளியேறும்.

படகில் ஏறும் முன்

- லைஃப் ஜாக்கெட் அணியுங்கள். நீச்சல் தெரிந்தவரும் அணிய வேண்டும்.
- மோட்டார் இருந்தாலும் துடுப்பு படகில் இருக்கட்டும்.
- போகும்போது எதிர்க்காற்றில் போங்கள். திரும்பும்போது காற்று உங்களைக் கரை சேர்க்கும்.
- பேட்டரியில் உங்கள் பங்கில் பாதி தீர்ந்ததும் கரைக்குத் திரும்புங்கள்.
- இடி மின்னல் தெரிந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம்.
- சொந்தக் குட்டையாக இல்லாமல் அணை, ஏரி என்றால், மோட்டார் படகு ஓட்ட அனுமதி உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது மொத்த எடை, ஒரு நாள் வேலை நேரம், பின்பலகை உயரம், நீர் நன்னீரா உப்பு நீரா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். விசிறி, பின், சீல் ஆகிய உதிரிகள் அங்கே கிடைக்குமா என்றும் கேளுங்கள். உதிரி கிடைக்காத மோட்டார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.