பைப்பர்

பிக்சார் நிறுவனம் 2016இல் வெளியிட்ட அசைவூட்டக் குறும்படம். இயக்கம் ஆலன் பரிலாரோ. இசை ஏட்ரியன் பெலூ. ஏறத்தாழ 6 நிமிடம் ஓடும் இப்படத்தில் வசனமே கிடையாது. கடற்கரையில் இரை தேடப் பழகும் உள்ளான் குஞ்சு ஒன்று முதல் அலையிலேயே தொப்பலாக நனைந்து, கூட்டைவிட்டு வர மறுக்கிறது. பிறகு, அலை வரும்போது மணலுக்குள் புதைந்துகொள்ளும் குட்டி நண்டைப் பார்த்துத் தானும் அப்படியே செய்கிறது. நீருக்கடியில் கண் திறந்தால் சுற்றிலும் சிப்பிகள்! தாய்ப்பறவை கற்றுத்தராத வித்தை இது. ஈர மணலின் ஒவ்வொரு துகளும் சிலிர்த்த இறகும் கைக்கு எட்டிவிடும்போலத் தெரிவதே படத்தின் பெரும் சாதனை. திரையரங்குகளில் ‘ஃபைண்டிங் டோரி’யுடன் காட்டப்பட்ட இப்படம், 2017இல் சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.