பாபா எழுதிய விண்ணப்பம்

ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பி.காம் மாணவனுக்கு பட்ஜெட் போடுவது சுலபம். "எதற்காக?" என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் ஹோமி பாபாவின் கடிதம் ஞாபகம் வந்தது.

1939-ல் கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், போர் மூண்டதால் இங்கேயே தங்கி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1944 மார்ச்சில் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கு ஓர் ஆய்வு மையம் வேண்டும். இருபது வருடத்தில் அணுவிலிருந்து மின்சாரம் வரும்போது, வல்லுநர்களைத் தேடி நாம் வெளிநாடு போகக் கூடாது. இதுதான் அவர் சொன்ன காரணம். ஹிரோஷிமாவுக்கு 17 மாதம் முன்பு இப்படி எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்!

அறக்கட்டளை சம்மதித்தது, பம்பாய் அரசும் பங்கு போட்டது. 1945 ஜூனில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் பிறந்து, அதே வருடம் பம்பாய் போனது.

சொன்னது நடந்ததா? பாதிதான். 1956-ல் டிராம்பேயில் அப்சரா உலையை நம்மவர்களே கட்டினார்கள், எரிபொருள் பிரிட்டனுடையது. 1969-ல் மின்சாரம் தந்த தாராப்பூர் உலைகளோ அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கட்டிக் கொடுத்தவை. ஆனாலும் அந்த ஒரு காரணத்துக்கு நானாக இருந்தாலும் செக்கில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

என் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலி. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.